டைசனின் சீட்டில் ஆறு பேர்

போன மாதம் பெரியப்பா பேத்திக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்கு அரசு வேலை, கொளத்தூரில் சொந்த வீடு, ஒரே தங்கை, அவளுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் எந்த வரன் வந்தாலும் முதலில் அண்ணியின் கைக்குத்தான் போகும். "டாக்டர்னு போட்டுக்குது" என்று முகம் மலர்ந்தவர், அடுத்த வரியைப் படித்ததும் போட்டோவைக் கவிழ்த்து வைத்தார். "அய்ய, மாட்டு டாக்டரு." கூடமே சிரித்தது. பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் மாப்பிள்ளை ரெண்டு கட்டு வைக்கோல் எழுதிக் கொடுப்பார் என்றார் மாமா ஒருவர். இன்னும் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும் முன்பே, எதிரே பாயில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பார்வை ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் கூடத்தில் யார் வேண்டுமானாலும் சிரித்திருக்கலாம். நானும் அண்ணியும் சிரித்திருக்கக் கூடாது.

இந்தக் கேலி எனக்குப் புதிதில்லை. பெரம்பூரில் பள்ளியில் என்னோடு படித்தவன் ஒருவன், எம்பிபிஎஸ் மயிரிழையில் தவறி வேப்பேரியில் கால்நடை மருத்துவம் சேர்ந்தான். ஐந்தரை வருடப் படிப்பு. அந்த ஐந்தரை வருடமும் அவனைப் பார்த்தால் "ம்மா" என்று மாடு மாதிரி குரல் கொடுப்போம். அதை ஆரம்பித்துவைத்தவனே நான்தான். இத்தனைக்கும் எங்கள் புளியந்தோப்புப் பக்கம் விலங்குகள் இல்லாத சந்து கிடையாது. மொட்டைமாடியில் பந்தயப் புறா, படிக்கட்டுக்குக் கீழே கோழி, தெருமுனையில் கட்டாத மாடு, பக்ரீத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்து எல்லார் வீட்டுச் செடியையும் மேயும் ஆடு. நடுவே ஆட்டுத்தொட்டி. மாநகராட்சி இறைச்சிக்கூடம் என்று பலகையில் எழுதியிருக்கும், அப்படிச் சொல்லி வழி கேட்டால் இங்கே யாருக்கும் தெரியாது. இவ்வளவுக்கும் நடுவில் வாழ்ந்துகொண்டு, இவற்றைப் பார்க்கிற டாக்டரை மட்டும் அரை டாக்டராக நினைத்தோம்.

வாயில் எலும்பு

2014 ஐப்பசி. டைசன் எங்கள் தெரு நாய். குத்துச்சண்டைக்குப் பேர்போன ஏரியா என்பதால் வைத்த பெயர், மற்றபடி அது பூனை குறுக்கே வந்தாலும் ஒதுங்கிப்போகிற ஜாதி. கறுப்பு, வலது காதில் பாதி கிடையாது. அம்மா மீன் ஆயும்போது தலையையும் குடலையும் எதிர்பார்த்து வாசற்படியில் முன்னங்கால் மடக்கி உட்காரும். அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன். டைசன் வந்தது, உட்காரவில்லை. கீழ்த்தாடை தொங்கிப்போய், நூல் நூலாக எச்சில் வடிந்துகொண்டிருந்தது. மீன் தலையைப் போட்டால் முகர்ந்து பார்க்கிறது, கவ்வ முடியவில்லை. குரைக்கப் பார்த்தால் தொண்டை கட்டின மனுசன் மாதிரி ஒரு சத்தம். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: எலும்பு மாட்டிக்கொண்டது. ஆட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற நாய்க்கு வேறென்ன வரும்?

எதிர்வீட்டு பாய் இறைச்சிக் கடையில் வேலை செய்கிறவர், விலங்கைப் பிடிக்கத் தெரிந்தவர். அவர் பின்னாலிருந்து தாடையை விரித்துப் பிடித்தார். அவர் மகன் செல்போன் டார்ச் அடித்தான். நான் முன்னங்கால்களைப் பிடித்தேன். அம்மா புடவையைச் செருகிக்கொண்டு, கையை முழங்கை வரைக்கும் இல்லாவிட்டாலும் மணிக்கட்டு வரைக்கும் டைசனின் வாய்க்குள் விட்டுத் துழாவினாள். "இன்னாடா இது, ஒண்ணும் தட்டுப்படலியே" என்றாள். டைசன் கடிக்கவில்லை. கடிக்க அதனால் முடியவில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மாடிவீட்டு அக்கா ஒரு பழைய துணியை நனைத்து அதன் வாயைத் துடைத்துவிட்டார். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி மீன் ஆய உட்கார்ந்தாள். அன்றைக்கு மீன் குழம்பு நன்றாக இருந்தது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாளும் டைசன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பின்னங்கால் வேறு தள்ளாட ஆரம்பித்தது. கோணியில் சுற்றி, வாயைத் துண்டால் கட்டி, ஆட்டோக்காரரிடம் கெஞ்சி, சூளை, டவுட்டன் வழியாக வேப்பேரிக்குக் கொண்டுபோனோம். அந்த ஆஸ்பத்திரியைப் பார்க்காதவர்கள் ஒருமுறை காலை நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். குளிரூட்டிய காரில் வந்த லாப்ரடாரும் மீன்பாடி வண்டியில் வந்த வெள்ளாடும் ஒரே வரிசையில் நிற்கும். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. முன்பு எத்தனையோ முறை அதன் வாசலைத் தாண்டி பஸ்ஸில் போயிருக்கிறேன், நண்பனைக் கிண்டல் செய்ய மட்டும் உள்ளே போயிருக்கிறேன். நோயாளியோடு போனது அதுதான் முதல் தடவை. சீட்டு எழுதினவர் பெயர் கேட்டார். டைசன். ஆண், கறுப்பு, நாட்டு நாய், வயது தோராயமாக 4.

எங்களுக்கு வாய்த்தது ஒரு டாக்டரம்மா. சின்ன வயது, முப்பது இருக்காது. நாங்கள் கோணியை அவிழ்க்கப் போனதுமே, "வேணாம், கட்ட அவுக்காதீங்க, அப்படியே தரையில வெச்சிட்டுத் தள்ளி வாங்க" என்றார். நாலடி தூரத்தில் நின்றபடியே பார்த்தார். தாடையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், எச்சிலைப் பார்த்தார். எப்போதிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, சமீபத்தில் வேறு நாய் இதைக் கடித்ததா, இது வேறு எதையாவது கடித்ததா என்று நாலைந்து கேள்வி. அவ்வளவுதான். அப்புறம் அவர் டைசனைப் பார்க்கவே இல்லை. எங்கள் பக்கம் திரும்பி, "இதோட வாயில கை விட்டது யாரு?" என்றார்.

நாங்கள் வாயில் கை விட்ட கதையைச் சொல்லவே இல்லை. எலும்பு சிக்கியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வலது கையை லேசாக உயர்த்தினாள். டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் சங்கரா மீன் செதிள்முள் குத்தின காயம், கட்டைவிரலில் அருவாமனைக் கீறல். "இது எப்போ?" "மீன் ஆயும்போதும்மா." "கை விட்டதுக்கு முன்னாடியா பின்னாடியா?" அம்மா யோசித்தாள். முன்னாடி. எனக்குப் பொறுமை போய்விட்டது. அரைநாள் சம்பளத்தை விட்டு வந்திருக்கிறேன், நாய் தரையில் கிடந்து துடிக்கிறது, இவர் அம்மாவின் கையில் மீன் முள்ளைத் தேடிக்கொண்டிருக்கிறார். "மேடம், முதல்ல நாயைப் பாருங்களேன்" என்று குரலை உயர்த்தியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நாயைப் பாத்துட்டேன் சார். இப்ப உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

வெறிநாய் என்றால் நாங்கள் அறிந்தது வேறு. கண் சிவந்து, கண்டதைக் கடித்துக்கொண்டு, தெருத்தெருவாக ஓடும். அப்படியும் வரும், இப்படிச் சத்தமில்லாமலும் வரும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். தாடை நரம்பும் தொண்டை நரம்பும் செயலிழந்து, விழுங்க முடியாமல், எதுவோ சிக்கிக்கொண்டது போலவே தோன்றும். பாவம் பார்த்து வாயில் கைவிடுகிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டுக்கு வந்தாலும் இதே கதை: தொண்டையில் பனங்கொட்டை அடைத்துவிட்டது என்று வீட்டுக்காரர் கைவிடுவார். கடிபட்டவன் ஊசிக்கு ஓடுவான். உதவி செய்தவன் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவான், எங்களைப் போல.

பின்பக்கம்

டைசனின் ஓபி சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் அவர் எங்களை எழுத ஆரம்பித்தார். பெயர், வயது, எச்சில் எங்கே பட்டது, அங்கே காயம் உண்டா. அம்மா, நான், பாய், பாய் மகன், மாடிவீட்டு அக்கா. ஐந்து பேர். நடுவில் அம்மாவைக் குழாயடிக்கு அனுப்பி, சோப்பு போட்டு கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கை கழுவச் சொன்னார். "நேத்தே கழுவிருக்கணும், பரவால்ல, இப்பவும் கழுவுங்க." அம்மாவுக்கு அதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. "தொப்புளச் சுத்தி பதினாலு ஊசியாம்மா?" என்று கேட்டாள். எங்கள் ஆயாவுக்கு அந்தக் காலத்தில் போட்டது அந்த ஊசி, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. 2004-க்குப் பிறகு இந்தியாவில் அது கிடையாது. ஆனால் அந்த பதினாலு எங்கள் தெருவின் ஞாபகத்திலிருந்து போகவில்லை, இன்றைக்கும் பல பேர் ஊசிக்குப் போகாமல் நாட்டு வைத்தியத்துக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. டாக்டரம்மா சிரித்து, தோளைத் தட்டிக் காட்டினார். "இங்கதாம்மா. நாலே தடவ. உங்களுக்கு மட்டும் காயத்தச் சுத்தி இன்னொண்ணு சேத்துப் போடுவாங்க."

எழுதி முடித்து சீட்டை நீட்டினவர், திரும்ப வாங்கிக்கொண்டார். "வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?" அண்ணன் மகள் குட்டிம்மா, ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாச்சி வீட்டில் இருந்தாள், நாய்ப் பக்கமே வரவில்லை என்றேன். "ஞாயித்துக்கிழம மட்டும் இல்ல சார். அதுக்கு முன்னாடி ஒரு பத்து நாள். நோய் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே எச்சில்ல வந்துடும்." பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் பத்து வருடத்துக்கு மேலாகியும் அப்படியே காதில் இருக்கிறது. "நாய் கடிச்சிச்சான்னு கேக்காதீங்க. இல்லன்னுதான் சொல்வாங்க. அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன்னு மொதல்ல சொல்லுங்க. நாய்கூட என்ன வெளையாடினேன்னு கேளுங்க."

அங்கிருந்து நேராக மனிதர்களுக்கான ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. கவுன்டரில் இருந்தவர், "நாய் கடிச்சுதா?" என்றார். இல்லை. "பிராண்டுச்சா?" இல்லை. "அப்புறம் எதுக்கு ஊசி? போம்மா, கடிச்சவங்களே லைன்ல நிக்கிறாங்க." அம்மாவுக்கு அப்பாடா என்று இருந்தது, கிளம்பவே கிளம்பிவிட்டாள். நான் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். அதில் ஆங்கிலத்தில் இரண்டு வரியும் டாக்டரம்மாவின் போன் நம்பரும் இருந்தன. படித்தவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வயதான டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "இந்த அம்மா எங்க?" என்று கேட்டு, அம்மாவைக் கையோடு அழைத்துப்போனார். காயத்தைச் சுற்றிப் போட்ட ஊசியில் அம்மா போட்ட கூச்சல் காரிடார் முழுக்கக் கேட்டது.

அன்று ராத்திரி அண்ணி குட்டிம்மாவிடம் கேட்டார். கடித்ததா என்றுதான் கேட்டார். இல்லை என்றாள். நான் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அண்ணிக்கு அதில் நம்பிக்கை இல்லை, "என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்றார். அம்மாதான், ஊசி போட்ட கையோடு அவளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, டைசனோடு என்னென்ன விளையாட்டு என்று கதை மாதிரி கேட்க ஆரம்பித்தாள். வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு வந்ததும் மில்க் பிக்கிஸ் போட்டிருக்கிறாள். டைசன் தின்றுவிட்டு, அவள் சைக்கிளிலிருந்து விழுந்து சிராய்த்த முட்டியை நக்கியிருக்கிறது. பொருக்கை அவளே அன்று மத்தியானம்தான் பிய்த்து எடுத்திருந்தாள். "கூச்சமா இருந்துச்சு ஆயா" என்று சிரித்தாளாம். மணி பதினொன்று இருக்கும். நான் அந்த நம்பருக்குப் போன் செய்தேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தார். "ஆறாவது பேரா எழுதிக்கோங்க. காலையில மொத ஆளா போயிடுங்க" என்றார். சீட்டில் ஆறாவது பெயர் மட்டும் என் கையெழுத்தில் இருக்கும்.

செவ்வாய் இரவு டைசன் வேப்பேரியிலேயே செத்துவிட்டது. புதன் மாலை டாக்டரம்மாவே கூப்பிட்டார். மூளையை எடுத்து, ஒளிரும் சாயத்தில் தோய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நோய் இருந்தால் பச்சையாக மினுக்கும் என்று பிறகு விளக்கினார். அப்போது சொன்னது இரண்டே வாக்கியம். "பாசிட்டிவ் சார். அம்மாவுக்கு அடுத்த ஊசி நாளைக்கு, மறந்துடாதீங்க." அந்த வார முடிவுக்குள் மாநகராட்சி வண்டி வந்து எங்கள் தெருவில் மிச்சமிருந்த நாய்களைப் பிடித்து ஊசி போட்டு, காதோரம் நிறம் பூசிவிட்டுப் போனது. எங்கள் ஆறு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊசி போடாமல் விட்டிருந்தாலும் ஆறு பேரில் சிலருக்கு ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். யாருக்கு ஆகியிருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தால் குட்டிம்மாவின் முட்டியில் வந்து நிற்கும், அதோடு நிறுத்திவிடுவேன். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு அநேகமாக வைத்தியமே கிடையாது.

ஆட்டுத்தொட்டி

இதற்குப் பிறகுதான் அந்தப் பழைய நண்பனைத் தேடிப்போனேன். அவன் அதற்குள் இறைச்சிக்கூட வேலை பார்த்து முடித்திருந்தான். அவனுக்கு நான் பட்டிருந்த கடன், கேலி செய்த கடன். அதைப் பற்றி நான் ஆரம்பித்தபோது "அத வுடுடா" என்று கையை வீசிவிட்டு, அவன் வேலையைப் பற்றிச் சொன்னான். ஊர் தூங்கும்போது ஆரம்பிக்கிற வேலை. வெட்டுவதற்கு முன்னால் ஆட்டை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். காய்ச்சலா, நொண்டுகிறதா, மூக்கில் சளியா. வெட்டின பிறகு ஈரல், நுரையீரல், நெறிக்கட்டிகள். இவ்வளவும் தாண்டினால்தான் முத்திரை விழும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தொடையில் தெரிகிற அந்த மையை நான் ஏதோ வரி கட்டின அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீர்க்கட்டி இருக்கற ஈரல நாங்க தூக்கிப் போட்டுடுவோம். எங்க போடறோம்கறதுதான் விஷயம்" என்றான். அந்த ஈரல் நாய்க்குக் கிடைத்தால் நாயின் குடலில் நாடாப்புழு. நாயின் கழிவில் முட்டை. நாயைத் தடவின கையோடு சாப்பிட்டால் மனுசன் ஈரலிலும் அதே கட்டி, சிலருக்குத் தேங்காய் அளவுக்கு. ஆடு, நாய், மனுசன், மூன்று பேரும் ஒரே சங்கிலி. அதை எங்கே வெட்டுவது என்று தெரிந்தவன் ஆட்டுத்தொட்டிக்குள் நிற்கிற டாக்டர். எனக்கு டைசன் ஞாபகம் வந்தது. அது தினமும் காலையில் தொட்டிக்குப் பின்பக்கச் சுவரோரம் போய் எதையோ தின்றுவிட்டுத்தான் எங்கள் வாசலுக்கு வரும்.

அவனுக்கே ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கன்று போட்டும் நஞ்சுக்கொடி விழாத மாட்டுக்குக் கையை விட்டு எடுத்திருக்கிறான். கையுறை கிழிந்திருந்தது. சில வாரம் கழித்து சாயந்திரமானால் காய்ச்சல், படுக்கை நனைகிற வியர்வை, முட்டிக்கு முட்டி வலி. விட்டுவிட்டு வரும். டைபாய்டு என்று இரண்டு முறை வைத்தியம் பார்த்தார்கள். கடைசியில் அவனுடைய பழைய பேராசிரியர்தான் போனிலேயே, "புருசெல்லா பாத்தாங்களா?" என்று கேட்டிருக்கிறார். மாட்டிலிருந்து மனுசனுக்குத் தொற்றுகிற கிருமி அது. ஆறு வாரம் மாத்திரை. "மனுச டாக்டர் என்ன கேக்கணும்னு மாட்டு டாக்டர் சொல்ல வேண்டியதா இருந்துச்சு பாரு" என்று அவன் சொன்னபோது, முதல் தடவையாக அந்தப் பட்டத்தை அவன் வாயிலிருந்தே கேட்டேன். எனக்குக் கூசியது.

52 கிலோ

2019 அக்டோபரில் வேப்பேரியில் ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். செய்தியில் எல்லாரும் படித்து, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம். என் நண்பன் அதைப் படித்தவிதம் வேறு. மாடு கவரைத் தேடிப்போய்த் தின்பதில்லை. நாம் சாப்பாட்டு மிச்சத்தைக் கவரில் முடிச்சுப் போட்டு வீசுகிறோம், அது முடிச்சோடு விழுங்குகிறது. மாடு தின்னாத கவர் கால்வாயில் அடைகிறது. பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் வழிந்தால் வியாசர்பாடி மூழ்குகிறது. முழங்கால் தண்ணீரில் எலி மூத்திரமும் மாட்டு மூத்திரமும் கலந்து நிற்கிறது. பாதத்தில் வெடிப்பு இருக்கிறவன் அதில் நடந்து வேலைக்குப் போகிறான். பத்து நாள் கழித்து அவனுக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, அப்புறம் மஞ்சள். எலிக்காய்ச்சல் என்கிறோம், எலியோடு மட்டும் நிற்கிற காய்ச்சல் இல்லை அது. மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மாதவரம் என்றால் நமக்கு பஸ் நிலையமும் பால் பண்ணையும்தான்.

இவர்களைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஊசியும் மருந்தும் அலட்சியமாக எழுதுகிறவர்கள் அங்கேயும் உண்டு. கோழிக்கும் மாட்டுக்கும் கணக்கில்லாமல் போட்ட ஆன்டிபயாடிக் கடைசியில் நம் உடம்பில் மருந்து வேலை செய்யாமல் போவதில் வந்து முடிகிறது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள், 2019-ல்தான் இந்தியாவில் தடை வந்தது. நல்லதோ கெட்டதோ, அவர்கள் கையில் இருப்பது நம் உடம்பும்தான்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரியம்மை ஒழிந்தது எல்லாருக்கும் தெரியும், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மனிதன் உலகத்திலிருந்தே ஒழித்த இரண்டாவது நோய் எது என்று கேட்டுப் பாருங்கள். மாடுகளுக்கு வந்த வெக்கை நோய். 2011-ல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். உழவு மாடு செத்தால் ஊரே பட்டினி கிடந்த காலம் ஒன்று இருந்தது. அந்த நோயை ஊர் ஊராக ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விரட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

தெருநாய் விவாதம் இப்போது உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. டிவியில் ஒரு பக்கம் நாய்களைக் கொல்லச் சொல்கிறவர், மறுபக்கம் நாய்களைக் குழந்தை என்கிறவர். நடுவில் ஒரு நாற்காலி போட்டு அந்த டாக்டரம்மா மாதிரி ஒருவரை உட்காரவைத்ததை நான் பார்த்ததில்லை. சென்னை மாநகராட்சி காலகாலமாக நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது, பேசின் பிரிட்ஜ் பக்கம் வளர்ந்த எங்களுக்கு நாய் வண்டி என்றாலே நடுக்கம். அவ்வளவு கொன்றும் நாயும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. 1996-ல் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறினார்கள். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துபோகும் என்கிறார்கள். கேட்க எளிது. ஒவ்வொரு சந்திலும் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடி, வருடா வருடம், கடிபட்டு, திட்டு வாங்கி அதைச் செய்ய வேண்டும். உலகில் வெறிநோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இந்தியர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

2023 நவம்பரில் ராயபுரம் ஜி.ஏ. ரோட்டில் ஒரே நாய் ஒரே மாலையில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது. ஜனங்கள் அதை அடித்துக் கொன்றார்கள். செய்தி அங்கேயே முடிந்துவிட்டதாகத்தான் எல்லாரும் நினைத்தோம். எனக்கு அந்த நாயின் உடம்பு எங்கே போனது என்பதுதான் கேள்வி. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போயிருந்தால் எதுவும் தெரியாமல் போயிருக்கும். அப்படிப் போகவில்லை. பரிசோதித்தார்கள், வெறிநோய் உறுதியானது. யாரோ ஒருவர் அந்தச் செத்த நாயின் தலையைத் திறந்து, மைக்ரோஸ்கோப்பில் பச்சை மினுக்கலைப் பார்த்துவிட்டு, அடுத்த நிமிடம் போனை எடுத்திருப்பார். முதல் ஊசியோடு நிறுத்திவிட நினைத்த சிலராவது அந்தச் செய்தியைக் கேட்டு நாலாவது ஊசி வரை போயிருப்பார்கள். அப்படிப் போனவர்களில் எவருக்காவது அந்த மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்த ஆளைத் தெரியுமா?

குட்டிம்மாவுக்கு இப்போது டைசனே சரியாக ஞாபகம் இல்லை. ஊசி போட்ட ஒவ்வொரு தடவையும் கிடைத்த குச்சி ஐஸ் மட்டும் ஞாபகம் இருக்கிறது. சீட்டு அம்மாவின் ரேஷன் கார்டு கவரில், ஆதாருக்குப் பின்னால், நாலாக மடித்தபடி இன்னும் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, பாயின் பெயர் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

வரன் விஷயத்துக்கு வருகிறேன். கவிழ்த்து வைத்த போட்டோவை மறுநாள் அம்மாவே எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே என்ன பேசினாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணி மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், மூன்றாம் நாள் அவரே போன் போட்டுப் பெண் பார்க்க நாள் கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஜாதகம் பாதிதான் பொருந்துகிறது, பையனுக்கு வேறு திருவள்ளூர் பக்கம் மாற்றல் வரும் போலிருக்கிறது, என்ன ஆகும் என்று தெரியாது. கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்து பெரியவர்கள் நகைக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வரதட்சணையைப் பற்றி ரகசியமாக ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்து நான் காதைத் தீட்டினேன்.

"தம்பி, நாய்ங்கள தெனம் தொடறீங்களே, நீங்க ஊசி போட்டுக்கினீங்களா?"

பையன் ஒரு நிமிடம் விழித்தான். பிறகு சிரித்தான். "காலேஜ்லயே போட்டாங்கம்மா. போன வருஷம் ரத்தம் எடுத்துக்கூடப் பாத்தேன், எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அம்மா அவன் தட்டில் இன்னொரு பஜ்ஜியை வைத்தாள்.